மழைக்குப் பின் காட்டுக்கீரை: பறிப்பது முதல் கடைவது வரை

உழுது போட்ட மானாவாரிக் காட்டில் நல்ல மழை ஒன்று பெய்தால் நாலைந்து நாளிலேயே மண் பச்சை கட்டத் தொடங்கும். இரண்டு வாரம் கழித்துப் போனால் சோளப் பயிருக்கு நடுவில் பண்ணைக்கீரை ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும். வரப்போரம் தொய்யக்கீரை. தரையோடு தரையாகச் சாரணை. யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் கட்டவில்லை. குளிர்நாடுகளில் பனி உருகியதும் இளவேனிலில் கூடையை எடுத்துக்கொண்டு கீரை பறிக்கக் கிளம்புவார்கள். நமக்கு அந்தப் பருவத்தைக் கொண்டுவருவது மழைதான்.

நான் பார்த்து வளர்ந்தது தாராபுரம் பக்கத்து மேட்டுக்காடு. களை எடுக்கப் போகும் என் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) சாயங்காலம் திரும்பும்போது முந்தானை மடியில் ஆறேழு வகைக் கீரை இருக்கும். வாசலில் கொட்டி ஆய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தண்டாக எடுத்துப் பெயர் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் திட்ட மாட்டார். "தண்டப் பாரு கண்ணு, எலைய மட்டும் பாத்தா ஏமாந்துருவ" என்பார். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவது எல்லாமே அந்த ஒரு பேச்சின் விரிவுதான்.

ஒரு ஏற்பாட்டோடு தொடங்குங்கள். ஒரு மழைக்காலத்துக்கு மூன்று கீரை போதும். மூன்றையும் முளையாக, தளிராக, பூத்ததாக, விதை கட்டியதாக எல்லா வயதிலும் பார்த்துப் பழகிய பிறகு அடுத்த மழைக்கு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம். பத்துக் கீரையை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு காட்டுக்குள் இறங்குவதுதான் ஆபத்து.

எப்போது போக வேண்டும்

கொங்கு மேட்டுநிலம் மழை மறைவுப் பகுதி. பெய்யும் மழையே கொஞ்சம். அதனால் மாதக் கணக்கை விட மழைக் கணக்குதான் இங்கே உதவும். ஒரு உழவு மழை பெய்த நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் முதல் இருபத்தைந்தாம் நாள் வரை நல்ல காலம். அதற்கு முன்பு செடி சின்னது, அடையாளம் கிடைக்காது. அதற்குப் பிறகு பெரும்பாலான கீரைகள் கதிர் விட்டு நார் கட்டிவிடும்.

சித்திரை, வைகாசிக் கோடை மழைக்கு ஒரு முறை, ஆடி மழைக்கு ஒரு முறை, அப்புறம் புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை நீளும் பெரிய பருவம். முதல் முறை கற்றுக்கொள்பவர்களுக்கு ஐப்பசிதான் பொருத்தம். ஒரே காட்டில் முளையும் தளிரும் பூத்த செடியும் சேர்ந்தே கிடைக்கும்.

எந்த நிலத்தில் பறிக்கலாம், எதில் கூடாது

செடியைத் தெரிந்துகொள்வதற்கு முன்பு நிலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்றைக்குக் காட்டுக்கீரையால் வரும் ஆபத்தில் பாதிக்கு மேல் செடியில் இல்லை, அது நிற்கும் மண்ணிலும் அதன்மேல் விழுந்த மருந்திலும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நல்ல இடங்கள்: சொந்தக்காரர் பழக்கமான மானாவாரிச் சோளக்காடு, கம்பங்காடு, நிலக்கடலைக் காடு, தோட்டத்து வரப்பு, வீட்டுக் கொல்லை, மாட்டுச்சாணக் குப்பைமேட்டின் ஓரம். காங்கேயம் பக்கம் மாடு மேயும் கொறங்காடுகளில் கிளுவை வேலி மேல் முடக்கத்தான் ஏறிக் கிடக்கும். வேலியோரம் ஒரு கூடை சேர்த்துவிடலாம்.

களைக்கொல்லி அடித்த நிலத்துப் பக்கமே போகாதீர்கள். இதில் பலர் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள்: மருந்து அடித்திருந்தால் செடி காய்ந்திருக்குமே, பச்சையாக இருப்பதால் அடிக்கவில்லை என்று. கிளைபோசேட் போன்ற மருந்து அடித்த செடி முதல் சில நாட்கள் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். மஞ்சளாவதும் வாடுவதும் அதற்குப் பிறகுதான். ஆகவே கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது, காட்டுக்காரரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். மக்காச்சோளம் போட்ட காட்டில் விதைத்த கையோடு அட்ரசின் தெளிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த மருந்து மண்ணிலேயே தங்கி வேலை செய்வது. மக்காச்சோளக் காட்டை நான் அந்தப் போகம் முழுக்க விட்டுவிடுவேன்.

சாலையோரம், தண்டவாள ஓரம், சாக்கடைக் கரை வேண்டாம். சாயக்கழிவு ஓடிய மண்ணும் வேண்டாம். நொய்யல் கரையிலும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழேயும் சாயக்கழிவால் நிலம் கெட்டதை நம் பக்கத்தில் எல்லோரும் அறிவோம். தண்டுக்கீரைக் குடும்பத்துச் செடிகள் மண்ணிலிருக்கும் உலோகங்களை இலைக்கு ஏற்றிக்கொள்ளும் தன்மை உள்ளவை. அலசினால் மேலே ஒட்டிய தூசிதான் போகும், உள்ளே ஏறியது போகாது.

இன்னொன்று எங்கள் பக்கத்துக்கே உரியது. மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரத்தில் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. கிழங்கு, விதை, இலை எல்லாமே கடும் விஷம், உயிரைப் பறிக்கும் அளவுக்கு. அந்தக் காட்டுக்குள் கீரைக்கென்று கால் வைக்கக் கூடாது. வேலியில் தானாக முளைத்தும் நிற்கும். வளர்ந்த செடியில் இலை நுனி நூலாக நீண்டு சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். இளம் செடியில் அந்தச் சுருள் இருக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

யாரிடம் கற்பது

களை எடுக்கப் போகும் பெண்களிடம். இதற்கு மாற்று எனக்குத் தெரிந்து இல்லை. முளைத்து இரண்டே இலை விட்டிருக்கும்போதே இது பயிர், இது களை, இந்தக் களை சட்டிக்கு ஆகும் என்று பிரிக்கும் கண் அவர்களுக்குத்தான் இருக்கிறது. ஒரு நாள் அவர்களோடு காட்டில் நின்று சேர்ந்து களை எடுங்கள். வெறுமனே கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டு நின்றால் அவர்கள் கூலிவேலை கெடும். களைக்கொல்லி வந்த பிறகு களையெடுப்பு வேலையே குறைந்துவிட்டது. வேலை குறையக் குறைய இந்தப் பேச்சும் கேட்க ஆளில்லாமல் போகிறது. உங்கள் வீட்டில் அறுபது எழுபது வயதில் யாராவது இருந்தால் இந்த மழைக்கே காட்டுக்குக் கூட்டிப் போங்கள்.

கைபேசியில் படம் எடுத்துப் பெயர் கேட்கும் செயலிகள் இப்போது இருக்கின்றன. ஊகத்துக்குப் பயன்படுத்தலாம். சாப்பிடுவதா வேண்டாமா என்ற முடிவை அதனிடம் விடக் கூடாது. ஊருக்கு ஊர் தமிழ்ப் பெயரும் மாறும். அதனால் கீழே தாவரவியல் பெயரையும் சொல்லிக்கொண்டே போகிறேன். வேறு ஊர்க்காரரோடு பேசும்போது குழப்பம் வராது.

ஆடு தின்கிறது, புழு அரித்திருக்கிறது என்பதையெல்லாம் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டுக்கு ஒத்துக்கொள்வது நமக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. தெரியாத இலையைக் கிள்ளி வாயில் போட்டுச் சுவை பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலையும் கூடாது.

முதல் மழைக்கு மூன்று

*பண்ணைக்கீரை.* செலோசியா அர்ஜென்டியா. கோழிக்கொண்டைப் பூவின் காட்டு வடிவம் இதுதான். நேராக நிமிர்ந்து வளரும். தண்டில் நீளவாக்கில் வரி வரியாக மேடு இருக்கும், விரலால் உருட்டிப் பார்த்தால் தெரியும். இலை ஈட்டி போல நீளமானது, மழமழப்பானது. தண்டில் ஒன்று இந்தப் பக்கம், அதற்கு மேலே ஒன்று அந்தப் பக்கம் என்று மாறி மாறி வரும். பூக்கும்போது நுனியில் இளஞ்சிவப்புக் கதிர் வந்து, கீழிருந்து மேலாக வெள்ளி நிறமாக வெளுத்துக்கொண்டே போகும். அந்தக் கதிரை ஒரு முறை பார்த்தவருக்கு வேறு எதோடும் குழப்பம் வராது. பறிக்க வேண்டியதோ கதிர் வருவதற்கு முன்பு. ஆகவே ஒரே இடத்தில் பூத்ததையும் பூக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாம் களை என்று பிடுங்கி வரப்பில் எறிவதை நைஜீரியாவின் தென்மேற்கில் பாத்தி கட்டி விதைத்துக் கீரையாக விற்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

பண்ணைக்கீரை என்று நினைத்து நாயுருவிக் கன்றைக் கிள்ளிவிடுபவர்கள் உண்டு. நாயுருவியில் இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். இந்த ஒரு வேறுபாடு போதும்.

*குப்பைக்கீரை.* அமராந்தஸ் விரிடிஸ். பெயர் சொல்வது போலவே குப்பைமேட்டிலும் கொல்லையிலும் வரும். சிறுகீரைக்குச் சொந்தம். இலை மாறி மாறி, நீளமான காம்போடு இருக்கும். இலை நுனி கூராக முடியாமல் லேசாக உள்வாங்கி ஒரு சின்ன வெட்டு விழுந்தது போல இருக்கும். கதிர் மெல்லியது, பச்சை நிறம். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் ஜோடி முள் இருந்தால் அது முள்ளுக்கீரை. அதுவும் இளசாக இருந்தால் உண்ணக் கூடியதுதான். ஆய்வதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவே.

*முடக்கத்தான்.* கார்டியோஸ்பெர்மம் ஹாலிகாகாபம். மெல்லிய கொடி. இலை மூன்று பிரிவாகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவும் ஓரத்தில் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். காய்தான் சாட்சி: காற்றடைத்த பச்சைப் பை போல, மூன்று பட்டையாக இருக்கும். உடைத்தால் கறுப்பு விதை, ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஓர் இதய வடிவப் புள்ளி. முதல் பருவத்தில் காய் தொங்கும் கொடியில் மட்டும் பறியுங்கள். இலை பழகிய பிறகு காயில்லாத கொடியிலும் எடுக்கலாம்.

அடுத்த மழைகளுக்கு

பருப்புக்கீரை, போர்ட்டுலாக்கா ஒலரேசியா. தண்டு சிவப்பும் பச்சையும் கலந்து நீர்ப்பிடிப்பாக இருக்கும். இலை கரண்டி வடிவம், தடித்தது. பூ மஞ்சள். இதற்குப் பக்கத்திலேயே தரையில் படர்ந்து கிடக்கும் சித்திரப்பாலாடையும் அதன் இனங்களும் தூரத்தில் ஒன்று போலத் தெரியும். தண்டை ஒடித்துப் பாருங்கள். பருப்புக்கீரையில் வெறும் நீர்தான் வரும். வெள்ளைப் பால் வந்தால் அந்தச் செடி வேண்டாம். பால் வரும் செடிகளில் சில வைத்தியத்துக்கு ஆகும் என்பார்கள், ஆனால் சட்டிக்கு வேண்டாம்.

தொய்யக்கீரை, டிஜெரா முரிக்காட்டா. எனக்குப் பிடித்த கீரை இது. தண்டு ஒல்லியாக, கிளை கிளையாக இருக்கும். இலைக்காம்பு நீளம். பூங்கதிரும் ஒல்லி, இளஞ்சிவப்புச் சிறு பூக்கள் இடைவெளி விட்டு விட்டு நிற்கும். வெந்தால் வெண்ணெய் மாதிரி குழையும்.

சாரணையும் மூக்கிரட்டையும் சேர்த்துக் கற்க வேண்டிய ஜோடி. இரண்டும் தரையில் படரும். இரண்டிலும் இலைகள் எதிரெதிரே வந்து, ஜோடியில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். சாரணையின் இலை தடித்த, நீர் நிறைந்த இலை. பூ இலைக்காம்பின் அடியிலேயே ஒளிந்துகொண்டு தனியாக இருக்கும். மூக்கிரட்டையின் இலை மெல்லியது, அடிப்பக்கம் வெளிறியிருக்கும். பூக்கள் நீளக் காம்பில் கிளைத்து மேலே எழும்பி நிற்கும். காய் துணியில் ஒட்டும்.

சாரணை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதன்முதலாகத் தனியே பறிக்கப் போன வருடம், காடெல்லாம் படர்ந்து கிடக்கிறதே என்று முற்றிய கொடியையும் சேர்த்து அள்ளி வந்தேன். தண்ணீர் வடிக்காமல் அப்படியே பொரியல் செய்தேன். வீட்டில் அத்தனை பேருக்கும் ஒரு நாள் முழுக்க வயிற்றுப்போக்கு. சாரணையில் நுனித் தளிர் மட்டும்தான், அதுவும் கொதிநீரில் வேகவைத்து வடித்த பிறகுதான். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கீரையை எங்கள் வீட்டில் கொடுப்பதே இல்லை.

மணத்தக்காளியைக் கடைசிக்குத் தள்ளிவைத்ததற்குக் காரணம் ஊமத்தை. இரண்டும் ஒரே குடும்பம், கன்றாக இருக்கும்போது பழகாத கண் தடுமாறும். ஊமத்தையின் இலை பெரிதாகிக்கொண்டே போகும், இலையின் அடிப்பகுதி இரண்டு பக்கமும் சமமாக இருக்காது, கசக்கினால் குமட்டும் வாடை வரும். மணத்தக்காளியில் சிறு வெள்ளைப் பூவும் கொத்துக் கொத்தாகக் காயும் தெரிந்த பிறகே கிள்ளுங்கள். காய்க்காத கன்றைத் தொடாதீர்கள்.

பார்த்தீனியத்தைச் சாப்பிடப் போவதில்லை, ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். கேரட் தழை போல வெட்டு வெட்டான இலை, தலையில் சிறு வெள்ளைப் பூக்கள். கை பட்டாலே சிலருக்குத் தோல் அரித்துத் தடிக்கும். அது மண்டிய இடத்தில் கீரைகள் தலையெடுப்பதும் குறைந்துவிடுகிறது.

பறிக்கும் முறை

காலையில், பனி ஈரம் உலர்ந்ததும் போங்கள். ஈரத்தோடு பறித்தால் வீடு சேர்வதற்குள் அழுகும்.

பிடுங்காதீர்கள், கிள்ளுங்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து நுனியிலிருந்து நாலைந்து விரல்கடை கீழே அழுத்தினால் 'டக்' என்று ஒடிய வேண்டும். ஒடியாமல் வளைந்தால் நார் கட்டிவிட்டது, இன்னும் மேலே போங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழிருந்து இரண்டு மூன்று கிளை வெடிக்கும், பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி பறிக்கலாம். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் தன் வீட்டு வறுமையைச் சொல்லும்போது, குப்பைக்கீரையில் முன்பு கொய்த இடத்திலிருந்து மறுபடி துளிர்த்த முற்றாத தளிரைக் கொய்து உப்பில்லாமல் வேகவைத்ததைப் பாடுகிறார். அவர் சொல்வது பசியின் கொடுமை. அதற்குள்ளேயே கீரை கொய்யும் முறையும் வந்துவிட்டது.

அடர்ந்த இடத்தில் எடுங்கள், ஒற்றையாக நிற்பதை விடுங்கள். ஒரு திட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது பூத்து விதை உதிர்க்க விட்டுவிடுங்கள். காட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். களைதானே என்று யாரும் மறுப்பதில்லை, ஆனால் கேட்கும்போதுதான் மருந்து அடித்த விவரமும் வெளியே வரும்.

தொடக்கத்தில் வகை வகையாகத் தனித்தனித் துணிப்பையில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்தால் தப்பான ஒரு செடி உள்ளே புகுந்தாலும் தெரியாது. பிளாஸ்டிக் பையில் வெயிலில் வைத்தால் கீரை வெந்துபோகும்.

ஆய்வதும் அலசுவதும்

ஆய்வதைச் சமையலின் முதல் வேலையாக நினைக்கிறோம். நான் இதை இரண்டாம் சோதனை என்பேன். முறத்தில் பரப்பி, வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தண்டையும் கையில் எடுத்து இலை எதிரெதிரா, மாறி மாறியா, பால் வருகிறதா, தண்டு எப்படி என்று பாருங்கள். சந்தேகம் வரும் தண்டு எதுவானாலும் வெளியே போகட்டும். ஒரு கைப்பிடி கீரை போனால் போகிறது.

அலச அகலமான பாத்திரம் வேண்டும். கீரையை நீரில் அமுக்கி இரண்டு நிமிடம் விட்டால் மண் அடியில் தங்கும். பாத்திரத்தைச் சாய்த்து நீரைக் கொட்டாதீர்கள், மண் திரும்பக் கீரையிலேயே ஏறும். கீரையை மேலாக அள்ளி இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மூன்று தண்ணீர். கடைசித் தண்ணீரின் அடியில் மணல் இருந்தால் நாலாவது. மழைக்காலத்தில் சிறு நத்தை, புழு, முட்டை எல்லாம் இருக்கும். கொஞ்சம் கல்லுப்பும் மஞ்சள்தூளும் கலந்த நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் அவை கழன்று வரும். அலசிய பிறகுதான் நறுக்க வேண்டும்.

கலவைக்கீரை கடைசல்

ஒவ்வொரு கீரையையும் தனித்தனியாகச் சமைத்துச் சுவை பழகிய பிறகு வர வேண்டிய இடம் இது. கலவையில் சுவையைத் தூக்கி நிறுத்துவது அளவுதான். மென்மையான கீரை, அதாவது பண்ணை, தொய்ய, குப்பை மூன்றும் சேர்ந்து மூன்று பங்கு. லேசாகப் புளிக்கும் பருப்புக்கீரை ஒரு பங்கு. கசப்புக்கு மணத்தக்காளியோ முடக்கத்தானோ ஒரு சிட்டிகை, பத்துப் பதினைந்து இலைக்கு மேல் வேண்டாம். கசப்பு கூடினால் மற்றதெல்லாம் மறைந்துவிடும்.

நான்கு பேருக்கு, ஆய்ந்த கீரை நான்கு பெரிய கைப்பிடி. சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு ஆறு பல், பச்சை மிளகாய் நான்கு, சீரகம் ஒரு தேக்கரண்டி, உப்பு. கலவையில் பருப்புக்கீரை இல்லையென்றால் மட்டும் ஒரு தக்காளி.

1. மண்சட்டியில் இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். வெங்காயம், பூண்டு, மிளகாய், சீரகம் போட்டு ஐந்து நிமிடம் வேகட்டும்.

2. கீரையைப் போடுங்கள். முதலில் சட்டி நிரம்பி வழியும், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். மூட வேண்டாம். மூடி வைத்தால் கீரையிலிருந்து கிளம்பும் புளிப்பு ஆவி உள்ளேயே தங்கி நிறம் பழுப்பாகும். எட்டிலிருந்து பத்து நிமிடம் போதும்.

3. வெந்த தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வடித்து வையுங்கள். அமுச்சி சொல்லிக் கொடுத்ததில் இதுதான் முக்கியமானது. தண்ணீரோடு கடைந்தால் கீரை மத்துக்குப் பிடி கொடுக்காமல் சுற்றி ஓடும், மசியாது.

4. உப்புப் போட்டு மத்தால் கடையுங்கள். உள்ளே வரி போட்ட கீரைச்சட்டி கிடைத்தால் நல்லது. மிக்ஸியில் அரைக்காதீர்கள், பசையாகிவிடும். கடைசலில் அங்கங்கே இலை தெரிய வேண்டும்.

5. வடித்த தண்ணீரைத் தேவையான அளவு திரும்ப ஊற்றிப் பதம் பாருங்கள். சோற்றுக்கு என்றால் கொஞ்சம் இளக்கமாக, களிக்கு என்றால் கெட்டியாக.

6. கடலெண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, இரண்டு வரமிளகாய் தாளித்துக் கொட்டுங்கள்.

கம்மஞ்சோறு, சோளச்சோறு, ராகிக்களி மூன்றுக்கும் இது பொருந்தும். ராகிக்களியின் நடுவில் குழி பறித்து, சுடச்சுடக் கடைசலை ஊற்றி, ஓரத்திலிருந்து தொட்டுச் சாப்பிட்டால்தான் இதன் அருமை தெரியும். கையில் தட்டைப்பயறு இருந்தால் ஒரு கைப்பிடி வறுத்து, முக்கால் பதம் வேகவைத்து, இரண்டாம் படியில் கீரையோடு சேர்த்துவிடுங்கள். அன்றைக்கு வேறு குழம்பு வேண்டாம்.

தனித்தனியாகச் சில

பருப்புக்கீரைக்குப் பாசிப்பருப்புதான் ஜோடி. அரை டம்ளர் பருப்பை மஞ்சள்தூளோடு குழையாமல் வேகவைத்து, நறுக்கிய கீரை இரண்டு கைப்பிடியைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டு இறக்குங்கள். பூண்டைத் தட்டி நெய்யில் தாளித்தால் போதும்.

சாரணைத் தளிரை நிறையக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு, நீரைக் கீழே கொட்டி, கையால் பிழிந்து, பிறகு வெங்காயம் வரமிளகாயோடு வதக்குங்கள். இறக்கும்போது வறுத்துப் பொடித்த கடலைக்காய் இரண்டு கரண்டி. மூக்கிரட்டைக்கும் இதே கைப்பக்குவம்.

முடக்கத்தான் தோசைக்கு இரண்டு கைப்பிடி இலையைக் கொஞ்சம் சீரகத்தோடு நைசாக அரைத்து, புளித்த தோசைமாவு நான்கு கரண்டியில் ஊற்றுவதற்குச் சற்று முன்பு கலக்குங்கள். முன்கூட்டியே கலந்து வைத்தால் மாவு முழுக்கக் கசப்பேறும். கல்லில் நன்றாக வெந்ததும் கசப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். குழந்தைகளுக்கு முதல் முறை இலையைப் பாதியாகக் குறையுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

எந்தப் புதுக் கீரையானாலும் முதல் நாள் இரண்டு மூன்று கரண்டி மட்டும், அதுவும் தனியாகச் சமைத்து. மறுநாள் வரை ஒன்றும் இல்லையென்றால் அடுத்த முறை வயிறாரச் சாப்பிடலாம்.

தண்டுக்கீரைக் குடும்பம், பருப்புக்கீரை, சாரணை, புளியாரை இவற்றில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் ஆக்சலேட் ஓரளவு குறையும். கூடவே தயிரோ மோரோ சேர்த்துக்கொள்வதும் நல்லது, அதிலிருக்கும் கால்சியம் ஆக்சலேட்டை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையோடு மோதும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காட்டுக்கீரை கொடுக்காதீர்கள். கடைந்ததை அன்றே முடித்துவிடுங்கள், இரவு முழுக்க வெளியே வைத்துக் காலையில் சூடு பண்ணிச் சாப்பிட வேண்டாம்.

சாப்பிட்ட பிறகு விடாத வாந்தி, வாய் வறட்சி, பார்வை மங்குவது, கண்மணி விரிவது, பேச்சுக் குழறுவது, இவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் 108-ஐ அழையுங்கள். சமைக்காமல் மீந்த கீரையையும், குப்பையில் போட்ட தண்டுகளையும் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டுபோங்கள். என்ன செடி என்று தெரிந்தால் வைத்தியம் சீக்கிரம் தொடங்கும். இதற்காகவே புதுக் கீரை சமைக்கும் நாளில் ஒரு முழுத் தண்டை மறுநாள் வரை நான் தனியே எடுத்து வைப்பேன்.

விதை எடுத்து வைக்க

பறிக்க நிலமில்லாதவர்கள், மருந்தடிக்காத காடு பக்கத்தில் இல்லாதவர்கள், ஒரு முறை விதை சேர்த்துவிட்டால் தொட்டியிலேயே வளர்க்கலாம். பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் இதற்கு எளிது. மார்கழி, தை மாதத்தில் காய்ந்த கதிர்களை ஒடித்துக் காகிதப் பையில் தலைகீழாகப் போட்டு இரண்டு நாள் வைத்து உதறினால், கறுப்பாகப் பளபளக்கும் கடுகினும் சிறிய விதை அடியில் சேரும். முறத்தில் லேசாகப் புடைத்துத் தூசியை நீக்கி, காகித உறையில் பெயரும் எடுத்த இடமும் எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். விதைக்கும்போது ஒரு சிட்டிகை விதைக்கு ஒரு கைப்பிடி மணல் கலந்து தூவுங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். மேலே மண் போட்டு மூட வேண்டியதில்லை, கையால் லேசாகத் தடவிவிட்டு, பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் தெளித்தால் போதும்.